சனிக்கிழமை வயிற்றுவலியும் ஒரு நல்ல வக்கீலும்

அந்தப் பையனுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. வயிற்றுவலி என்று அம்மாவும் பாட்டியும் அழைத்து வந்திருந்தார்கள். கையில் கனமான ஒரு ஃபைல். ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, இரண்டு ஸ்கேன், பூச்சி மருந்து, அசிடிட்டி மருந்து... எல்லாம் பார்த்தாகி விட்டது. எல்லாமே நார்மல்!

"எப்பெல்லாம் வலிக்குதும்மா?"

"வாரக் கடைசியிலதான் டாக்டர். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிக்கும். சனிக்கிழமை காலைல சுருண்டு படுத்துடுவான். சாயங்காலம் தானா சரியாயிடும்."

"எல்லா சனிக்கிழமையுமா?"

பாட்டி முந்திக் கொண்டார். "இல்லீங்க டாக்டர். ஒண்ணாவது சனி, மூணாவது சனி மட்டும்."

சொன்ன பிறகுதான் அந்த அம்மாளுக்கே உறைத்தது. மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்து கொண்டார். பையன் என் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக் கொண்டிருந்தான்.

அப்பாவும் அம்மாவும் பிரிந்து ஒன்றரை வருடம். கேஸ் நடக்கிறது. மாதத்தின் முதல் மற்றும் மூன்றாவது சனிக்கிழமைகளில் அப்பா பையனைப் பார்க்கலாம் என்று கோர்ட் ஆர்டர். "அதைக் காட்டுங்கம்மா" என்றேன். மருத்துவ ஃபைலுக்கு அடியிலேயே அதுவும் இருந்தது. இரண்டே வரி. பார்க்கலாம் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு நேரம், யார் கொண்டு வந்து விடுவது, யார் கூட வரலாம்... ஒன்றுமே இல்லை.

விளைவு? அவர் காலை ஒன்பது மணிக்கு அக்கா, அத்தான் சகிதம் வாசலில் வந்து நிற்பார். இவர்கள் "பதினொரு மணிக்கு முன்னாடி அனுப்ப மாட்டோம்" என்பார்கள். தெருவே வேடிக்கை பார்க்கும். ஒரு தடவை போலீஸும் வந்துவிட்டுப் போனது. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருப்பவன் இந்தப் பையன்.

அவன் வலி பொய்யில்லை. நடிப்பும் இல்லை. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலியில் பெரும் பகுதிக்குப் பரிசோதனையில் காரணம் அகப்படாது. மனம் தாங்க முடியாததை வயிறு வாங்கிக் கொள்கிறது. (ஆனால், தூக்கத்திலிருந்து எழுப்பி விடுகிற வலி, எடை குறைவது, விடாத வாந்தி, மலத்தில் ரத்தம் இவையெல்லாம் இருந்தால் "மனசுதான் காரணம்" என்று நீங்களாக முடிவு கட்டி விடாதீர்கள். முதலில் டாக்டர் பார்க்க வேண்டும்.)

இவனுக்கான மருந்து எந்த மெடிக்கல் ஷாப்பிலும் இல்லை. நோய் அந்த இரண்டு வரி ஆர்டரில் இருந்தது. அந்த இரண்டு வரியோடு போதும் என்று எழுந்து வந்தவர்கள் இரண்டு பக்கத்து வக்கீல்கள். அதனால்தான் ஒரு குழந்தை டாக்டர், வக்கீல் வைப்பதைப் பற்றி உடல்நலப் பத்திரிகையில் எழுத வேண்டியிருக்கிறது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். குழந்தையைப் பார்க்கும் வழக்கில் 'கேஸை ஜெயித்துக் கொடுக்கும்' வக்கீல் உங்களுக்கு வேண்டாம். ஒரு சனிக்கிழமையை ஒழுங்காக எழுதத் தெரிந்த வக்கீல் போதும். இரண்டு பேரும் ஒருவர் இல்லை. முதல் வகை சுலபமாகக் கிடைப்பார். இரண்டாம் வகையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் வீடுகளில் வக்கீலை எப்படிப் பிடிக்கிறோம்? "செம வக்கீலுங்க, அவர் நின்னா எதிர்த் தரப்பு நடுங்கும்" என்று யாராவது சொல்வார்கள். சினிமாவில் மேஜையைத் தட்டிக் கர்ஜிக்கும் வக்கீல்களைப் பார்த்துப் பழகிய நமக்கும் அது பிடித்து விடும். இல்லாவிட்டால் "நம்ம சித்தப்பா பையன் வக்கீல்தானே, ஃபீஸே வாங்க மாட்டான்!" தயவுசெய்து இந்த இரண்டும் வேண்டாம். சொந்தக்கார வக்கீலுக்கு உங்கள் கோபம் அவர் கோபமும் ஆகிவிடும். போதாததற்கு ஒவ்வொரு வாய்தாவில் நடந்ததும் அன்று மாலையே பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து விடும். நில வழக்கில் புலியாக இருப்பவரும் இங்கே சரிப்பட மாட்டார். குடும்ப நீதிமன்றத்தில் வாரம் தவறாமல் நடமாடுகிறவர், அங்குள்ள கவுன்சலர்களைத் தெரிந்தவர், எதிர்த் தரப்பு வக்கீலிடம் போனில் சாதாரணமாகப் பேசக் கூடியவர்... இப்படி ஒருவர் வேண்டும்.

"எதிர்த் தரப்பு வக்கீலோட நம்ம வக்கீல் சிரிச்சுப் பேசறாரே, விலை போயிட்டாரோ?" என்று கவலைப்படும் பெற்றோர் பலரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது நல்ல அறிகுறியாகத்தான் படுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு சனிக்கிழமையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வேண்டுமென்றால், அந்த இரண்டு பேர் பேசிக் கொண்டால்தான் நடக்கும். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு மனு, அதற்கும் ஒரு வாய்தா.

ஒரு வேடிக்கை தெரியுமா? 1984-ம் வருடத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவின்படி, அங்கே வக்கீல் வைத்துக் கொள்வதை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது. குடும்பச் சண்டையில் வாதப் பிரதிவாதம் குறைந்து பேச்சுவார்த்தை நடக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 9-வது பிரிவு, முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்வதைக் கோர்ட்டின் கடமையாகவே வைத்திருக்கிறது. நடைமுறையில் அனுமதி கேட்டு எல்லோரும் வக்கீல் வைத்துக் கொள்கிறார்கள். நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மனுவை எந்தச் சட்டத்தின் கீழ் போடுவது, எந்த ஊர் கோர்ட்டில் போடுவது என்பதிலேயே சாதாரண ஆள் தடுக்கி விழுந்து விடுவார்.

ஊர் விஷயத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். டைவர்ஸ் கேஸ் ஏற்கெனவே நடந்து கொண்டிருந்தால், அதே கோர்ட்டில் இந்துத் திருமணச் சட்டம் 26-வது பிரிவின்படி குழந்தைக்காக மனு போடலாம். டைவர்ஸ் கேஸ் எதுவும் இல்லையென்றால் 1890-ம் வருடத்துக் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம். எல்லா மதத்தவருக்கும் பொது. இதில் மனு போட வேண்டியது குழந்தை வழக்கமாக வசிக்கிற ஊரில். அப்பா சென்னையில் இருக்கிறார், மனைவி குழந்தையோடு திருநெல்வேலிக்குப் போய் ஒரு வருடமாக அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேர்த்து விட்டார் என்றால், சென்னையில் பெரிய வக்கீலைப் பிடித்துப் பிரயோஜனமில்லை. திருநெல்வேலியில் நடமாடும் வக்கீல்தான் வேண்டும். இதைச் சொல்லாமல் சென்னையிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, கேஸைப் போட்டு, ஆறு மாதம் கழித்து "கோர்ட்டுக்கு அதிகார வரம்பு இல்லை" என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. பணத்தை விடுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு ஆறு மாதம் என்பது எவ்வளவு பெரிய காலம்! அப்பாவின் முகமே மங்கிப் போய்விடும்.

அதனால்தான் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி, "கேஸ் ஜெயிக்குமா சார்?" என்பதல்ல. "என் குழந்தையை நான் எப்ப சார் பார்ப்பேன்?" என்பதுதான். நல்ல வக்கீல் உடனே இடைக்கால மனுவைப் பற்றிப் பேசுவார். மூல வழக்கு அதன் பாட்டுக்கு வருடக்கணக்கில் நடக்கட்டும். அது முடியும் வரை பார்ப்பதற்கும் பேசுவதற்கும் ஓர் ஏற்பாட்டை முதல் சில வாய்தாக்களிலேயே வாங்க முயற்சி செய்வார். "மெயின் கேஸ் முடியட்டும் பார்க்கலாம்" என்று சொன்னால், எழுந்து வந்து விடுங்கள்.

அவர் உங்களிடம் முதலில் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். குழந்தைக்கு என்ன வயது, எந்த ஸ்கூல், எத்தனை மணிக்குத் தூங்கும், யார் குளிப்பாட்டுவார்கள், அம்மா இல்லாமல் ராத்திரி இருக்குமா, ஏதாவது மருந்து சாப்பிடுகிறதா... இப்படி ஆரம்பிக்கிறவரிடம் தைரியமாக வக்காலத்துக் கொடுக்கலாம். எத்தனை பவுன் போட்டீங்க, வீடு யார் பேரில் இருக்கு, "முதல்ல ஒரு கிரிமினல் கேஸ் போட்டு வைப்போம், அப்புறம் குழந்தையை வச்சுப் பேசலாம்" என்று ஆரம்பிக்கிறவர் உங்கள் குழந்தையைச் சொத்துப் பட்டியலில் சேர்த்து விட்டார் என்று அர்த்தம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் நிஜமாகவே அடி உதை இருந்தது, குடித்துவிட்டு வந்து குழந்தையையும் மிரட்டுவார் என்றால், "எல்லாம் சமாதானமாப் போங்க" என்று சொல்கிற வக்கீலும் ஆபத்தானவர்தான். 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவில், மாஜிஸ்டிரேட்டே குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் கொடுக்கலாம். தகப்பன் பார்ப்பது குழந்தைக்குக் கெடுதல் என்று தெரிந்தால் மறுத்தும் விடலாம். மறுக்கும் அளவுக்கு இல்லையென்றால், இன்னொருவர் முன்னிலையில் மட்டும் பார்க்கலாம் என்று ஏற்பாடு கேட்கலாம். உண்மையான வன்முறையைச் சொல்லாமல் மறைப்பது எவ்வளவு தப்போ, இல்லாத வன்முறையை ஜோடிப்பதும் அவ்வளவு தப்பு. அதிலும், தகப்பன் மேல் அசிங்கமான புகார் எழுதி, அதைச் சொல்லும்படி குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதை என்னால் மன்னிக்கவே முடியாது. அந்தக் குழந்தை டீன் ஏஜில் என்னைப் போன்ற டாக்டர்களிடம்தான் வரும்.

"அஞ்சு வயசுக்குள்ள குழந்தை அம்மாகிட்டதானே இருக்கணும்? அப்பாவுக்கு என்ன உரிமை?" என்று ஒரு தாத்தா என்னிடம் சண்டைக்கே வந்தார். 1956-ம் வருடத்து இந்து மைனர் சட்டத்தின் 6-வது பிரிவு, ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்கிறது. வாஸ்தவம்தான். ஆனால், அப்பா பார்க்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது அதே சட்டத்தின் 13-வது பிரிவு. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இன்னும் ஒரு படி மேலே போனது. தாய், தகப்பன் இருவரின் அன்பும் குழந்தையின் உரிமை என்றது. தூரத்து ஊரில் இருக்கும் பெற்றோருக்கு வீடியோ கால் மூலம் தொடர்பு வைத்துக் கொள்ளவும் வழி செய்ய வேண்டும் என்றது. கவனியுங்கள், குழந்தையின் உரிமை! 'விசிட்டேஷன்', 'பார்க்கும் உரிமை' என்ற வார்த்தைகளே எனக்குப் பிடிப்பதில்லை. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் மாதிரி இருக்கிறது.

2015-ல் சட்டக் கமிஷன் தன் 257-வது அறிக்கையில், தாய் தகப்பன் இருவரும் சேர்ந்து வளர்க்கும் கூட்டுப் பொறுப்பைச் சட்டத்திலேயே கொண்டு வரலாம் என்று சிபாரிசு செய்தது. சட்டம் வரவில்லை. அதனால், ஒவ்வொரு வீட்டுக்கும் எப்படி ஏற்பாடு என்பது அந்தந்த ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அங்கேதான் உங்கள் வக்கீலின் கைத்திறமை இருக்கிறது.

அந்த ஆர்டரில் நேரமும் இடமும் எழுதினால் மட்டும் போதாது. பிள்ளையை யார் கொண்டு வந்து விடுவது? கணவனும் மனைவியும் முகம் பார்த்தாலே சண்டை என்றால் மாமாவோ, தாத்தாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ விடட்டும். அதையும் பெயரோடு எழுதிக் கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, தவறிப் போன சனிக்கிழமைக்கு ஈடாக எந்த நாள்? கோடை விடுமுறையில் எத்தனை நாள், அரைப் பரீட்சை லீவில் எத்தனை நாள், தீபாவளி யாரிடம், பொங்கல் யாரிடம், பிறந்த நாள் கேக்கை எத்தனை மணிக்கு எங்கே வெட்டுவது? சிரிக்காதீர்கள். பிறந்த நாளன்று இரண்டு கேக்குக்கு நடுவில் நின்று அழுத குழந்தை எனக்குத் தெரியும். வீடியோ காலுக்கு வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி, அப்போது அறையில் யார் இருக்கலாம்? ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு இருவரும் வரலாமா? பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும்? வெளியூர் அழைத்துப் போனால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

டாக்டர் என்ற முறையில் நான் சேர்க்கச் சொல்வது இன்னும் ஒன்று. குழந்தையின் மருந்துச் சீட்டு, தடுப்பூசி அட்டை, அலர்ஜி விவரம் இவற்றின் நகல் இரண்டு வீட்டிலும் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அன்றே மற்றவருக்குத் தகவல் போக வேண்டும். ஆஸ்துமா உள்ள ஒரு பெண் குழந்தை, அப்பா வீட்டுக்குப் போன இடத்தில் இன்ஹேலர் இல்லாமல் நடுராத்திரி என் கிளினிக் வாசலுக்கு வந்தது. "எனக்கு யாரும் சொல்லலை டாக்டர்" என்றார் அப்பா. "அவர் கேட்கலை" என்றார் அம்மா. ஆர்டரில் ஒரு வரி இருந்திருந்தால் அந்த ராத்திரி இல்லை.

முதல் சந்திப்பு கோர்ட் வளாகத்தில்தான் என்று உத்தரவு வந்தால் மனம் உடைந்து போகாதீர்கள். குழந்தைகளுக்கென்று விளையாட்டுச் சாமான்களோடு ஓர் அறை ஒதுக்கியிருக்கும் கோர்ட்டுகள் உண்டு. ரொம்ப நாள் பிரிந்திருந்த குழந்தைக்கு அந்த நாலு சுவர் ஆரம்பத்தில் நல்லதுகூட. ஆனால், அதுவே இரண்டு வருடம் நீடிக்கக் கூடாது. முதலில் கோர்ட்டில் இரண்டு மணி நேரம், பிறகு பார்க்கிலோ பாட்டி வீட்டிலோ அரை நாள், அப்புறம் ஒரு நாள், பழகிய பிறகு ராத்திரி தங்கல் என்று படிப்படியாகக் கேட்கத் தெரிந்த வக்கீல் வேண்டும். ஆறு மாதம் பார்க்காத இரண்டு வயதுக் குழந்தையை எடுத்த எடுப்பில் "சனி, ஞாயிறு முழுசா என்னோட இருக்கணும்" என்று கேட்டு வாங்கி, ராத்திரியெல்லாம் அது வீறிட்டு அழ, ஞாயிறு காலையே திருப்பிக் கொண்டு வந்து விட்ட அப்பா ஒருவர் உண்டு. அவர் வக்கீல் கேஸை ஜெயித்துத்தான் கொடுத்திருந்தார்!

குழந்தை ஓரளவு விவரம் தெரிந்த வயதென்றால் அதன் விருப்பத்தை நீதிபதி கவனத்தில் எடுத்துக் கொள்ளலாம் என்று 1890-ம் வருடச் சட்டத்தின் 17-வது பிரிவே சொல்கிறது. பெரும்பாலும் நீதிபதி தன் அறையில் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். அதற்கு முதல் நாள் உங்கள் வக்கீல், "தம்பிக்கு இப்படி இப்படிச் சொல்லச் சொல்லிக் குடுங்க" என்றால் ஒத்துக் கொள்ளாதீர்கள். ஒப்பிக்கிற பிள்ளையை நீதிபதிகள் நொடியில் கண்டுபிடித்து விடுவார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், ஒரு பெற்றோரிடமே வளர்ந்த குழந்தையின் மனம் மற்றவருக்கு எதிராகத் திரும்பிப் போவதைப் பற்றி விரிவாகவே பேசியிருக்கிறது. அங்கே குழந்தை தகப்பனிடம் இருந்தது. தாயிடம் ஒரு வருடம் இருந்து பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள்.

இனி ஃபீஸ். நம் ஆட்கள் கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது கேட்பார்கள். வக்கீலிடம் கேட்கக் கூச்சப்படுவார்கள். கேளுங்கள். மொத்தம் எவ்வளவு, வாய்தாவுக்கு வாய்தா எவ்வளவு, குமாஸ்தா செலவு தனியா, இடைக்கால மனு ஒவ்வொன்றுக்கும் தனியா, சீனியர் வருவாரா ஜூனியர் வருவாரா எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே பேசி எழுதிக் கொள்ளுங்கள். "குழந்தையை வாங்கிக் கொடுத்தால் இவ்வளவு, இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் ஆசைப்படாதீர்கள். முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்திருக்கின்றன.

பெண் வாசகிகளுக்கு ஒரு விஷயம். இலவச சட்ட உதவி ஏழைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். 1987-ம் வருடத்து சட்டப் பணிகள் ஆணைக் குழுச் சட்டம் 12-வது பிரிவின்படி, பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீலுக்கு உரிமை உள்ளவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. "கவர்ன்மென்ட் வக்கீல்னா ஏனோதானோன்னு இருப்பாரே" என்ற பயம் நியாயமானதுதான். ஆளைப் பொறுத்தது. ஆனால், பெரிய ஃபீஸ் வாங்கிய வக்கீல் எழுதிய அந்த இரண்டு வரி ஆர்டரையும்தான் நான் பார்த்தேனே!

வக்கீலுக்கு முன்னால் சமரச மையத்தையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே ஆரம்பித்தது. மாவட்டங்களிலும் இருக்கிறது. டைவர்ஸே வேண்டாம் என்று சேர்த்து வைக்கத்தான் அங்கே கூப்பிடுகிறார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். பிரிவது பிரிவதுதான், குழந்தை விஷயத்தை மட்டும் பேசி முடிப்போம் என்றும் அங்கே உட்காரலாம். அப்படி எழுதிய ஏற்பாட்டைக் கோர்ட்டில் கொடுத்து ஆர்டராக்கிக் கொள்ளலாம். இதற்கு முகம் சுளிக்கிற வக்கீலிடம் ஏன் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். "அவர் பணம் அனுப்பலை, நான் குழந்தையை அனுப்ப மாட்டேன்." "அவ குழந்தையைக் காட்டலை, நான் ஸ்கூல் ஃபீஸ் கட்ட மாட்டேன்." என் கிளினிக்கில் இந்த இரண்டையும் கேட்காத மாதம் இல்லை. ஜீவனாம்சம் வேறு, பார்ப்பது வேறு. ஒன்று நின்றால் அதற்குத் தனியாக மனு போட வேண்டுமே தவிர, மற்றதை நிறுத்தக் கூடாது. இதை முதல் நாளே உங்களிடம் கண்டிப்பாகச் சொல்கிற வக்கீல் கிடைத்தால் விட்டு விடாதீர்கள். நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவர் உங்களுக்கு ஆறுதல் தருவார். ஆனால், ஆறுதலுக்கு வாய்தாவுக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு அக்கா தங்கை, நல்ல சிநேகிதி, தேவைப்பட்டால் மனநல ஆலோசகர் இருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு வக்கீலுக்குப் போன் செய்து அழுவதையும், கோபத்தில் எதிர்த் தரப்புக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதையும் இன்றோடு நிறுத்துங்கள். அந்த வாய்ஸ் மெசேஜ் அடுத்த வாய்தாவில் ஆதாரமாக வந்து நிற்கும்.

கோடை விடுமுறைக்குக் குழந்தை வேண்டுமென்றால் மனுவை ஏப்ரல் கடைசியில் போடாதீர்கள். கோர்ட்டுக்கும் மே மாதம் விடுமுறை! பிப்ரவரியிலேயே வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள்.

வக்கீல் சரியில்லையென்றால் மாற்றலாம். "ஃபீஸ் பாக்கி இருக்கு, ஃபைலைத் தர மாட்டேன்" என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை என்று 2000-ம் வருடமே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி விட்டது. பாக்கியைத் தனியாகக் கேட்டுக் கொள்ளட்டும். ஆனால், ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வக்கீல் என்று மாற்றிக் கொண்டே போனால், நான்காவது வக்கீல் உங்கள் குழந்தையின் பெயரையே ஃபைலைப் பார்த்துத்தான் சொல்வார்.

அந்தச் சனிக்கிழமைப் பையனின் அம்மா வக்கீலை மாற்றினார். புதிதாக வந்தவர் ஓர் அம்மாள். கோர்ட்டில் அதிகம் குரல் எழுப்பாதவர் என்று கேள்வி. அவர் செய்த முதல் காரியம், எதிர்த் தரப்பு வக்கீலுக்குப் போன் போட்டு ஒரு காபி சாப்பிடக் கூப்பிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கூட்டு மெமோ எழுதினார்கள். மூன்று பக்கம். கையெழுத்துக்கு முன்னால் இங்கிலீஷில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொல்லி, தாத்தா பாட்டிகளுக்கும் புரிய வைத்தார்களாம். காலை பத்து மணி. வீட்டு வாசல் வேண்டாம், பெருமாள் கோயிலுக்கு எதிரே உள்ள நூலக வாசல். தாத்தா கொண்டு வந்து விடுவார். அத்தை வரலாம், அத்தான் வேண்டாம். ஏழு மணிக்குத் திரும்பவும் அதே இடம்.

வலி மறுநாளே நின்றுவிடவில்லை. இரண்டு மாதம் வந்து வந்து போனது. போன மாதம் சளி, இருமல் என்று அவனை அழைத்து வந்தவர் அப்பா. மூன்றாவது சனிக்கிழமை. என் முன்னால் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பையனின் அம்மா கையெழுத்து. கடைசியாக என்ன மருந்து கொடுத்தது, எத்தனை மணிக்கு, எந்த மாத்திரை ஒத்துக் கொள்ளாது என்று எழுதியிருந்தது.

"வயிறு வலிக்குதாடா?" என்று கேட்டேன்.

"பசிக்குது டாக்டர்" என்றான்.